தானே நின்று, தானே ஓடும் ஹெரால்டு: ஒரு பழுதைத் தேடிய குறிப்புகள்

மூன்று தடவை நின்றது. மூன்று தடவையும் பத்து நிமிஷத்தில் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆயிடுச்சு. ஒரேயடியாக நின்றுபோயிருந்தால் அன்றைக்கே பழுதைப் பிடித்திருக்கலாம். தானே நின்று தானே ஓடுகிற வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே சமர்த்தாக ஓடும். "நல்லாத்தானே இருக்கு தம்பி"ன்னு பாய் சொல்வார். எனக்கும் பதில் சொல்லத் தெரியாது.

முதல் தடவை வேடசந்தூர் ரோட்டில். இரண்டாவது செம்பட்டி போகும்போது. மூன்றாவதுதான் வீட்டில் பெரிய பேச்சானது. மதுரை நான்குவழிச் சாலையில், அம்பாத்துரை தாண்டி, பின்சீட்டில் அம்மா. எஞ்சின் சத்தம் சட்டென அறுந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனது. இருக்கிற வேகத்திலேயே உருட்டி இடது ஓரம் கொண்டுவந்து நிறுத்தினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு, "இதை வித்துருப்பா" என்று மட்டும் சொன்னார். வாங்கிக்கொள்ள ஆளும் இருந்தது. இரண்டு மாதம் அவகாசம் கேட்டேன். அந்த இரண்டு மாதத்தின் குறிப்புகள்தான் இவை.

வண்டியைப் பற்றி கொஞ்சம்

1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு, 948 சிசி. இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரையம்ப் ஹெரால்டுதான் இது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி இதைத் தயாரித்தது. இதே சேஸியைக் கொஞ்சம் குட்டையாக்கி, மேலே திறந்த இரண்டு சீட்டு பாடி வைத்ததுதான் 1962இல் வந்த ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார். அதனால் கீழே எழுதுவது பெரும்பாலும் ஸ்பிட்ஃபயருக்கும் பொருந்தும். பாயிண்ட் வைத்த பழைய ஃபியட், அம்பாசிடருக்கும் பொருந்தும். ஹெரால்டில் ஒரு வசதி உண்டு. பானெட் மொத்தமும் முன்பக்கமாகச் சாயும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினில் கை வைக்கலாம்.

எல்லாரும் சொன்ன பதில்: சூடு

சித்திரை மாதம், திண்டுக்கல் வெயில், அறுபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைந்த வண்டி. பெட்ரோல் ஆவியாகி பைப்பில் அடைக்கிறது, அதாவது பட்டறையில் சொல்கிற 'ஏர் லாக்', என்று பாய் சொன்னார். நானும் நம்பினேன். நம்பக் காரணமும் இருந்தது.

பெட்ரோல் ஒரே பொருள் அல்ல, பல திரவங்களின் கலவை. அதில் லேசானவை 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். ஹெரால்டின் டேங்க் டிக்கியில். பம்ப் எஞ்சினின் பக்கவாட்டில். கேம் ஷாஃப்ட் தள்ளி இயங்கும் இந்த பம்ப், பின்னால் இருக்கும் பெட்ரோலை உறிஞ்சி இழுக்கவேண்டும். உறிஞ்சும்போது பைப்புக்குள் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். பைப்பில் ஆவி நிரம்பிவிட்டால் பம்ப் எவ்வளவு அடித்தாலும் ஆவிதான் வரும். இப்போதைய கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருந்து அழுத்தித் தள்ளுவதால் இந்தத் தொல்லை அரிது. போதாததற்கு இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ்களுக்கு எத்தனால் ஆகாது. உள்ளே ஊறி உரிந்து துகளாக வரும். ஆகவே பெட்ரோல் மேல் சந்தேகம் வந்ததில் தப்பில்லை.

நின்ற மூன்று தடவையும் பம்ப் மேல் ஈரத்துணி போட்டோம், பத்து நிமிஷம் காத்திருந்தோம், ஸ்டார்ட் ஆனது. ஈரத்துணி வேலை செய்கிறது, ஆகவே சூடுதான். பம்புக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவில் தகடு வைத்தோம். ஹோஸ் மாற்றினோம். "எதுக்கும் இருக்கட்டும்" என்று கண்டென்ஸரையும் மாற்றினோம்.

பன்னிரண்டு நாள் நிற்கவே இல்லை. பதிமூன்றாம் நாள் நின்றது.

பன்னிரண்டு நாள் அமைதி எதை நிரூபிக்கிறது?

இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் மூன்று நிறுத்தங்களும் பதினைந்து நாளில் நடந்தவை. அதாவது சராசரியாக ஐந்து நாளுக்கு ஒன்று. பழுது அப்படியே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டு நாள் சும்மா இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பது. சின்னதுதான், ஆனால் அதிசயம் இல்லை. சராசரி இடைவெளியைப்போல் மூன்று மடங்கு காலம் நிற்காமல் ஓடினால்தான் அந்த வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தாகக் குறையும். விட்டுவிட்டு வரும் எந்தப் பழுதுக்கும், காரானாலும் வீட்டு மோட்டாரானாலும், இந்த மூன்று மடங்கு விதியை வைத்துக்கொள்ளலாம். ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும் பழுதை, பதினைந்து நாள் பார்க்காமல் 'சரியாயிடுச்சு' என்று சொல்லக்கூடாது.

இன்னொரு தப்பும் செய்திருந்தேன். தகடு, ஹோஸ், கண்டென்ஸர் என்று மூன்றை ஒரே நாளில் மாற்றினேன். உண்மையிலேயே சரியாகியிருந்தாலும் எதனால் என்று எனக்குத் தெரிந்திருக்காது.

நோட்டுப் புத்தகம்

அன்றிலிருந்து டேஷ்போர்டில் ஒரு நோட்டு. ஒவ்வொரு தடவையும் ஐந்து விஷயம்: மணி, எந்த ரோடு, எஞ்சின் சூடு, எப்படி நின்றது, எவ்வளவு நேரத்தில் திரும்ப ஸ்டார்ட் ஆனது. முதல் நான்கு நிறுத்தங்களை ஞாபகத்திலிருந்து எழுதினேன். அடுத்த இரண்டையும் நடந்த இடத்திலேயே எழுதினேன். ஆறு வரிகள் சேர்ந்ததும் நான்கு விஷயங்கள் கண்ணில் பட்டன.

ஒன்று, எல்லாமே சட்டென நின்றவை. பெட்ரோல் வராமல் நிற்கும் வண்டி பொதுவாகச் சொல்லிவிட்டு நிற்கும்: இழுவை குறையும், திக்கும், இரண்டு மூன்று முறை பிடித்துப் பிடித்து விடும். ஃப்ளோட் சேம்பரில் மிச்சம் இருக்கும் பெட்ரோல் தீரவேண்டுமே. சுவிட்சை அணைத்த மாதிரி நின்றால் முதல் சந்தேகம் கரண்ட் மேல்தான் போகவேண்டும்.

இரண்டு, ஐந்தாவது நிறுத்தம் நத்தம் ரோட்டில் காலை ஆறேகால் மணிக்கு. எஞ்சின் அப்போதுதான் வெதுவெதுப்பாகியிருந்தது.

மூன்று, அன்றைக்கு அவசரம். ஈரத்துணி எல்லாம் போடாமல் ஓரம் கட்டினதும் சாவியைத் திருப்பினேன். உடனே ஸ்டார்ட் ஆனது. அப்படியானால் முந்தின தடவைகளிலும் பத்து நிமிஷம் காத்திருந்தது நாங்கள்தான், வண்டி கேட்கவில்லை.

நான்கு, இதற்கு நடுவில் இரண்டு முறை சிறுமலை ஏறியிருந்தேன். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு, மத்தியான வெயில், இரண்டாவது கியரில் முக்கல். ஒருமுறைகூட நிற்கவில்லை. நின்ற ஆறும் சமதரையில், சீரான வேகத்தில், காலை ஒரே அளவில் வைத்து ஓட்டும்போது.

சூடுதான் காரணம் என்றால் மலையில் நின்று தரையில் ஓடவேண்டும். இங்கே தலைகீழ்.

திரும்ப ஓட எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை யாரும் குறித்து வைப்பதில்லை. ஆனால் பாதி பதில் அதில்தான் இருக்கிறது. காயில் சூட்டில் செத்துப்போனால் ஆற அரைமணி நேரம் ஆகும்; ஏர் லாக் தெளியவும் நேரம் பிடிக்கும். டேங்கில் கிடக்கும் குப்பை பைப் வாயை அடைத்தால், எஞ்சின் நின்று உறிஞ்சல் விட்டதும் குப்பை கீழே இறங்க ஓரிரு நிமிஷம். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால், மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று சத்தம் வரும், அப்புறம் ஓடும். நொடிகளில் சரியானால் அது ஏதோ ஒரு இணைப்பு தொட்டும் தொடாமலும் இருக்கும் விவகாரம்.

முள் மீட்டர்

இணைப்பு என்றால் எது? சாவி சுவிட்சிலிருந்து காயில் வரைக்கும் ஒயர், காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் (பட்டறையில் டெல்கோ), அதற்குள் பாயிண்ட். பாயிண்ட் மூடும்போது காயிலில் கரண்ட் ஏறுகிறது; திறக்கும்போது அறுபட்டு, அந்த அதிர்ச்சியில் காயிலின் இன்னொரு சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுந்து பிளக்கில் பொறியாகிறது. இந்தத் தொடரில் எங்கே அறுபடுகிறது என்பதை, அறுபடும் அந்த நொடியிலேயே பார்த்தாகவேண்டும். நின்றபிறகு சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

ஸ்பிட்ஃபயரில் ஆர்.பி.எம். மீட்டர் உண்டு. அது கேபிளில் சுற்றாமல் கரண்டில் இயங்கும் மீட்டராக இருந்தால், வண்டி கியரில் உருளும்போதே அந்த முள் பூஜ்யத்துக்கு விழுந்தால் பழுது இக்னிஷனில் என்று அதுவே சொல்லிவிடும். என் ஹெரால்டில் அது இல்லை. அதனால் பழைய முள் மல்டிமீட்டர் ஒன்றை எடுத்து, 50 வோல்ட் நிலையில் வைத்து, ஒரு முனையைக் காயிலின் பாயிண்ட் பக்கத்து முனையிலும் மற்றதை எர்த்திலும் கொடுத்து, நீளமான ஒயரில் உள்ளே கொண்டுவந்தேன். ஒயர் எங்கேயும் நசுங்கி பாடியில் படாமல் கட்டவேண்டும். பட்டால் எஞ்சின் நின்றுவிடும். மீட்டருக்குப் பதில் பல்பு போடாதீர்கள். பல்பு இழுக்கும் கரண்டில் பொறி பலவீனமாகும்.

நன்றாக ஓடும்போது பாயிண்ட் மூடித் திறந்து மூடித் திறந்து, முள் நாலைந்து வோல்ட்டில் நடுங்கிக்கொண்டு நிற்கும். பழுது வரும்போது மூன்றில் ஒன்று நடக்கும்:

முள் பூஜ்யத்தில் உட்கார்ந்தால், ஒன்று காயிலுக்கே கரண்ட் வரவில்லை (சுவிட்ச், அதன் ஒயர், அல்லது காயிலின் உள்சுற்று), இல்லை பாயிண்ட் பக்கம் எங்கேயோ எர்த் ஆகிறது (கண்டென்ஸர், தோல் உரிந்த ஒயர்).

முள் 12க்கு ஏறி நின்றால், கரண்ட் காயிலைத் தாண்டி வந்துவிட்டது, ஆனால் பாயிண்ட் வழியாக எர்த்துக்குப் போக வழியில்லை.

முள் வழக்கம்போலவே நடுங்கினால் இந்தப் பக்கம் குற்றமில்லை. ரோட்டார், ஹெச்.டி. ஒயர், இல்லையென்றால் பெட்ரோல்.

மீட்டரைப் பார்க்கப் பக்கத்து சீட்டில் என் மச்சினன். ஓட்டுகிறவர் மீட்டரைப் பார்க்கக்கூடாது. நிற்கும்போது கிளட்சை மிதிக்காமல், கியரிலேயே உருளவிடுவது என்று முடிவு. அப்போதுதான் சக்கரம் எஞ்சினைச் சுற்றும், பாயிண்ட் திறந்து மூடும், முள்ளுக்கு அர்த்தம் இருக்கும்.

நான்கு நாள் கழித்து, ஒட்டன்சத்திரம் போகும் வழியில், ரெட்டியார்சத்திரம் தாண்டி ஏழாவது நிறுத்தம் வந்தது. "மாமா, பன்னெண்டு! பன்னெண்டுலயே நிக்குது!" நான் பதறி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். முள் ஐந்துக்கு இறங்கியது, எஞ்சின் பிடித்துக்கொண்டது. வண்டி நிற்கவே இல்லை.

காலுக்கும் கரண்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

வாக்குவம் அட்வான்ஸ். எஞ்சினுக்குச் சுமை குறைவாக இருக்கும்போது பொறி கொஞ்சம் முன்னாடியே விழுந்தால் பெட்ரோல் மிச்சம். அதற்காக கார்புரேட்டரிலிருந்து ஒரு சின்ன டியூப், டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் ஒரு டயாஃப்ரம். கார்புரேட்டரின் உறிஞ்சல் அந்த டயாஃப்ரத்தை இழுக்க, அது பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டைச் சில டிகிரி திருப்பும். காலை முழுக்க எடுத்தால் உறிஞ்சல் அந்த டியூபுக்கு எட்டாது. முழுக்க மிதித்தாலும் உறிஞ்சல் குறைவு. பாதி மிதித்து சமதரையில் ஓட்டும்போதுதான் தட்டு முழுதாகத் திரும்பும்.

தட்டு திரும்பினால் அதனுடன் பாயிண்ட்டும் திரும்பும். பாயிண்ட்டுக்குக் கரண்ட் கொண்டுவரும் விரல் நீள ஒயர் ஒவ்வொரு முறையும் மடங்கி நீளும்.

வீட்டுக்கு வந்ததும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன். ஒயர் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. மீட்டரை ஓம் நிலையில் வைத்து, ஒரு முனையை டிஸ்ட்ரிபியூட்டரின் வெளி டெர்மினலில், மறுமுனையைப் பாயிண்ட்டின் ஸ்பிரிங்கில் வைத்தேன். எர்த்தில் வைத்து அளக்காதீர்கள். தட்டு திரும்பும்போது பாயிண்ட்டே திறந்துகொண்டு உங்களை ஏமாற்றலாம். பிறகு கார்புரேட்டர் பக்கம் வாக்குவம் டியூபைக் கழற்றி, வாயில் வைத்து உறிஞ்சினேன். தட்டு திரும்பியது. மீட்டர்: இணைப்பே இல்லை. விட்டேன்: பூஜ்ய ஓம். பத்து முறை செய்தேன், பத்து முறையும் அதே.

ஒயரின் தோலைக் கீறிப் பார்த்தால், உள்ளே செம்பு இழைகள் மொத்தமும் அறுந்திருந்தன. தோல் மட்டும் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டபடி பிடித்து வைத்திருந்தது. இழுத்தால் விலகும், விட்டால் தொடும். சிறுமலையில் ஏன் நிற்கவில்லை, காலையில் ஏன் நின்றது, ஏன் உடனே ஓடியது, எல்லாவற்றுக்கும் பதில் அந்த விரல் நீளத்தில் இருந்தது. கண்டென்ஸர் மாற்றியபின் வந்த பன்னிரண்டு நாள் அமைதிக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். கழற்றி மாட்டும்போது ஒயர் கொஞ்சம் தளர்ந்து உட்கார்ந்திருக்கும்.

ஒயரைப் பாயிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நகத்தால் வளைத்துப் பார்த்தார். "ஈயம் வச்சிருக்கே. யார் தம்பி ஈயம் வச்சது?"

நான்தான். நாலு வருஷத்துக்கு முன்னால், வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒயரில், டெர்மினலை நன்றாக சால்டர் செய்து, அழகாக இருக்கிறதென்று நானே மெச்சிக்கொண்டது. சால்டர் செய்யும்போது உருகிய ஈயம் இழைகளுக்கு நடுவே ஏறி, கொஞ்ச தூரத்துக்கு ஒயரைக் கம்பி மாதிரி விறைக்க வைத்துவிடும். அசையும் ஒயர் அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் மடங்கும், அங்கேயே அறுபடும். அந்த இடத்துக்கு வேண்டியது தலைமுடி மாதிரி மெல்லிய இழைகள் நிறைய உள்ள ஒயர். டெர்மினலை ஈயம் வைக்காமல் நெரித்துப் பிடிக்கவேண்டும்.

சரிசெய்ததும் சோதித்ததும்

மீட்டர்களுக்கு வரும் மிருதுவான சிலிக்கான் தோல் ஒயரில் ஒரு துண்டு, இரண்டு பக்கமும் நெரித்த டெர்மினல். தட்டு முழுதாகத் திரும்பினாலும் இழுபடாத அளவு தளர்வு, ஆனால் நடுவில் சுற்றும் கேமில் உரசாத அளவு. தட்டை எர்த் செய்யும் குட்டி ஒயரும் இதேபோல் அசைவதுதான்; அதையும் மாற்றினேன்.

இந்த முறை சோதனையில் ஏமாற விரும்பவில்லை. முதலில் பழைய ஒயரையே திரும்பப் போட்டு, வாசலில் வண்டியை ஐடிலில் விட்டு, டியூபை உறிஞ்சினேன்: எஞ்சின் பட்டென்று நின்றது. புது ஒயரைப் போட்டு உறிஞ்சினேன்: எஞ்சின் நிற்கவில்லை, ஐடில் வேகம் மட்டும் கொஞ்சம் ஏறியது. வேண்டும்போது பழுதை வரவழைக்கவும் போக்கவும் முடிந்தால்தான் காரணத்தைக் கண்டுபிடித்தோம் என்று அர்த்தம். அதுவரை நடப்பது பொருள் மாற்றல்தான்.

பிறகு மூன்று மடங்கு விதி. மொத்தம் நாற்பத்தைந்து நாளில் ஏழு நிறுத்தம். சராசரி ஆறரை நாள். இருபது நாள் நிற்காமல் ஓடவேண்டும். முப்பத்திரண்டு நாள் ஆகிவிட்டது, நோட்டில் புது வரி இல்லை.

மற்ற வண்டிக்காரர்களுக்கு

இன்ஜெக்‌ஷன் வந்தபிறகான கார்களில் பாயிண்ட்டும் இல்லை, இந்த ஒயரும் இல்லை. ஆனால் கேள்விகள் அதேதான். சூட்டில் நின்று, ஆறினதும் ஓடினால் கிராங்க் சென்ஸரைப் பாருங்கள். சாவி போட்டதும் டேங்கில் பம்ப் ஓடும் சத்தம் சில சமயம் கேட்டு, சில சமயம் கேட்காவிட்டால், ரிலேக்குள் சால்டர் விரிசல் விட்டிருக்கலாம். எதையும் மாற்றும் முன் ஐந்து நிறுத்தங்களையாவது எழுதி வையுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

ஓடும்போது நின்றால் முதலில் இடது இண்டிகேட்டர், அப்புறம் ஓரம். உருளும்போது சாவியை முழுக்க அணைக்காதீர்கள். ஸ்டியரிங் லாக் உள்ள வண்டியில் அது ஆபத்து. பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் எஞ்சின் நின்றபின் ஓரிரு மிதிக்குத்தான் உதவி கிடைக்கும். விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக அழுத்திப் பிடியுங்கள்.

வண்டியைக் கேட்டவரிடம் இப்போதைக்கு விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை சின்னாளப்பட்டி வரை போகவேண்டியிருந்தது. அதே நான்குவழிச் சாலை. அம்மா பின்சீட்டில் ஏறும்முன், "நிக்காதுல்ல?" என்று கேட்டார். அறுந்த ஒயரை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்; எடுத்துக் காட்டினேன். "இத்துனூண்டா?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஏறினார். அம்பாத்துரை தாண்டும்வரை நான்தான் கொஞ்சம் பயந்துகொண்டே ஓட்டினேன்.